சிறு ஊர்கள் கைகோத்து மின்செலவைக் குறைப்பது எப்படி: தெருவிளக்கு முதல் குடிநீர் மோட்டார் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பேரூராட்சியின் மின்கட்டணத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி இரண்டே இடத்தில் போய் நிற்கும்: தெருவிளக்கு, குடிநீர் மோட்டார். அலுவலக மின்விசிறியும் ஏசியும் அதற்கு முன்னால் சில்லறை. இந்த இரண்டிலும் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம் என்பது பொறியாளருக்கும் தெரியும், செயல் அலுவலருக்கும் தெரியும். ஆனாலும் வேலை நகர்வதில்லை. காரணம், ஊர் சின்னது. எண்ணூறு விளக்குக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால் நல்ல கம்பெனி எட்டிப் பார்க்காது. மின்தணிக்கை செய்ய, அதாவது எங்கே எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று அளந்து பார்க்க, ஆள் கிடையாது. கடன் கேட்டுப் போனால், கடனைவிடக் காகித வேலை அதிகம்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நாடு முழுவதும் 175 நகராட்சிகளை எடுத்துக்கொண்டு மின்சிக்கன அறிக்கைகள் தயாரிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு பணமும் ஆளும் வராததால், பல ஊர்களில் அது பீரோவோடு நின்றுபோனது. ஆகவே இந்த வழிகாட்டி அறிக்கைக்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது: பக்கத்துப் பக்கத்து உள்ளாட்சிகள் சேர்ந்து பணம் திரட்டி, வேலையைச் செய்து, பல வருடம் நடத்துவது. மன்ற உறுப்பினர், ஆணையர், செயல் அலுவலர், உதவிப் பொறியாளர், ஊர் விஷயத்தில் அக்கறையுள்ள குடிமக்கள் என்று யார் படித்தாலும் பயன்படும் வகையில் எழுதியிருக்கிறேன்.

முன்னால் செய்தவர்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் என்ற கடற்கரைப் பகுதியும் மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவும் உள்ளன. அங்குள்ள 21 சிற்றூர்கள் 1997-ல் கேப் லைட் காம்பாக்ட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. 2001 முதல் அந்தப் பகுதியின் மின்சிக்கனத் திட்டங்களை அவர்களே நடத்துகிறார்கள். வீடு வீடாக மின்தணிக்கை, பழைய கருவியை மாற்றினால் தள்ளுபடி, சிறு கடைகளுக்கு உதவி என்று வேலை போகிறது. பணத்துக்கு ஒவ்வொருவர் மின்கட்டணத்திலும் இதற்கென்று பிடிக்கப்படும் சிறு தொகை. அதே தொகையை மற்ற ஊர்களில் மின்நிறுவனம் செலவு செய்கிறது, இங்கே ஊர்களே செலவு செய்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

கலிஃபோர்னியாவில் 2012-ல் மின்நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அந்த மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம், உள்ளாட்சிகள் சேர்ந்து மின்சிக்கன வேலை நடத்தும் இரண்டு வட்டார எரிசக்தி வலையமைப்புகளுக்கு அனுமதி கொடுத்தது. ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் ஒன்பது கவுண்டிகளுக்கானது (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), பெயர் பேரென். மற்றொன்று தென்பகுதிக்கு, அதை நடத்துவது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி. 2018-ல் வென்சுரா, சாண்டா பார்பரா, சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற மூன்று கவுண்டிகள் சேர்ந்த இன்னொன்றும் அனுமதி பெற்றது. ஆணையம் வைத்த நிபந்தனைதான் இதில் கவனிக்க வேண்டியது. மின்நிறுவனங்கள் செய்ய முடியாததை அல்லது செய்ய நினைக்காததைச் செய்யுங்கள், புதிய முயற்சியைச் சோதித்துப் பாருங்கள், மற்றவர்கள் எட்டாத மக்களிடம் போங்கள் என்றது. அப்படி எட்டாத மக்களுக்கான முயற்சியைத் தவிர, ஏற்கெனவே ஒருவர் செய்வதை இன்னொரு முறை செய்யப் பணம் கிடையாது.

மூன்றாவது முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. பலருக்கு இது மறந்தே போயிருக்கும். தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட சிறு நகராட்சிகளும் பேரூராட்சிகளும் தனித்தனியாகக் கடன்பத்திரம் வெளியிட வழியில்லாமல் இருந்தபோது, குடிநீர் மற்றும் சுகாதாரத் தொகுப்பு நிதி என்ற பெயரில் 2002-03-ல் ஒன்றாகச் சேர்ந்து 30.41 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுக் கடன்பத்திரம் வெளியிட்டன. இந்தியாவில் அந்த மாதிரி முதன்முதலாக நடந்தது இங்கேதான். அதைக் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்குச் செய்தார்கள். அதே ஏற்பாட்டை மின்சிக்கனத்துக்கும் செய்ய முடியும், எப்படி என்று பின்னால் பார்ப்போம். தவிர, குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஊர் ஊராக இருக்கின்றன. ஒரே குழாயிலிருந்து பல ஊர்கள் தண்ணீர் எடுத்துக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வது நமக்குப் பழகிய விஷயம்தான்.

படி 1: யாரைச் சேர்ப்பது

வருவாய் வட்டத்தை வைத்து ஊர்களைச் சேர்க்காதீர்கள். மின்வாரியத்தின் எந்தக் கோட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே செயற்பொறியாளர் அலுவலகத்தின் கீழ் வரும் ஊர்கள் சேர்ந்தால் பில் விவரம், மின்தடை அனுமதி, புதிய மீட்டர் எல்லாம் ஒரே மேசையில் முடியும். இரண்டு கோட்டங்களில் சிதறியிருந்தால் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கும்.

அளவு என்று பார்த்தால், ஒரு நகராட்சி, அதைச் சுற்றி நான்கைந்து பேரூராட்சி, பத்துப் பதினைந்து ஊராட்சி என்பது கையாளக்கூடிய கூட்டம். நடுவில் ஒரு நகராட்சி கட்டாயம் வேண்டும். பொறியியல் பிரிவு உள்ள ஓர் அமைப்பு இல்லாவிட்டால் ஒப்பந்தப்புள்ளி ஆவணம் எழுதவே ஆள் இருக்காது. பெரிய மாநகராட்சியைச் சேர்க்கலாமா? என் கருத்தில் தொடக்கத்திலேயே வேண்டாம். அவர்களுடைய விளக்குகளின் எண்ணிக்கை உங்கள் எல்லோருடையதையும் விட அதிகமாக இருக்கும், முடிவுகளும் அவர்கள் பக்கமே சாயும்.

மேல் அலுவலகங்களுக்கு முதல் வாரத்திலேயே தகவல் சொல்லிவிடுங்கள். நகராட்சிக்கு மண்டல இயக்குநர், பேரூராட்சிகளுக்கு உதவி இயக்குநர், ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரும் ஊராட்சிகள் உதவி இயக்குநரும். இந்த மூன்று வரிசையும் ஒன்றாகக் கூடும் இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக் குழுவின் வேலையே ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒன்றாக்குவதுதான். பல இடங்களில் அந்தக் குழு பெயருக்குத்தான் இருக்கிறது. உங்கள் திட்டத்தை அங்கே வைத்துப் பதிவு செய்வதால் நஷ்டமில்லை, பின்னால் தணிக்கைக்காரர் கேட்கும்போது உதவும்.

படி 2: அடிப்படைக் கணக்கு

இதற்கு அதிக நேரம் கொடுங்கள். மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. இதில் பிழை வந்தால் பின்னால் எந்த ஒப்பந்தமும் நிற்காது.

ஒவ்வோர் ஊரின் மின்இணைப்பு எண்களையும் எழுதுங்கள். இரண்டு வருட பில்களை எடுத்து, ரூபாயை ஒரு பத்தியிலும் யூனிட்டை இன்னொரு பத்தியிலும் வையுங்கள். யாருமே பயன்படுத்தாத மோட்டாருக்கும் இடித்துவிட்ட கட்டடத்துக்கும் கட்டணம் போய்க்கொண்டிருப்பது இந்த ஒரு வேலையிலேயே தெரியவரும். மீட்டர் ஓடாமல் சராசரிக் கணக்கில் பில் போடப்படும் இணைப்புகளைச் சிவப்பு மையால் குறியுங்கள். அவற்றுக்குப் புது மீட்டர் போடாமல் மேலே போகக் கூடாது.

அப்புறம் இரவு நடை. பகலில் கம்பத்தை எண்ணினால் எத்தனை விளக்கு இருக்கிறது என்றுதான் தெரியும், எத்தனை எரிகிறது என்று தெரியாது. கம்பம் எண், விளக்கு வகை, எரிகிறதா இல்லையா என்று குறியுங்கள். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நூறில் இருபது விளக்கு எரியாத ஊரில் இப்போதைய பில் உண்மையைவிடக் குறைவு. விளக்கு மாற்றிய பிறகு நூறும் எரியும். அப்போது பழைய பில்லையும் புது பில்லையும் ஒப்பிட்டால் மிச்சம் குறைவாகத் தெரியும். கம்பெனி ‘நான் மாற்றிக் கொடுத்தேன்’ என்று சொல்லும், மன்றம் ‘பில் குறையவில்லையே’ என்று கேட்கும். இந்தச் சண்டை வராமலிருக்க, எல்லா விளக்கும் எரிந்தால் எவ்வளவு ஆகும் என்று திருத்திய கணக்கை இப்போதே போட்டு இருதரப்பும் கையெழுத்திட வேண்டும்.

விளக்குக் கணக்கு எளிது. 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்ந்து 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வாட் எல்இடி போட்டால் 30 வாட் மிச்சம். வருடத்துக்கு 4,000 மணி நேரம் எரிந்தால் ஒரு கம்பத்துக்கு 120 யூனிட். ஆறாயிரம் கம்பத்துக்கு 7.2 லட்சம் யூனிட். காலை எட்டு மணி வரை எரிந்துகொண்டிருக்கும் தெருக்களைத் தனியாகக் குறியுங்கள். அங்கே டைமர் ஒன்று போடுவதே போதும்.

மோட்டாருக்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும், ஆனால் தொட்டி ஆபரேட்டரே செய்துவிடலாம். ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியை வெறுமையாக்கி, கீழே போகும் வால்வை மூடி, மோட்டாரைப் போட்டு நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் என்றால் மணிக்கு 50 கன மீட்டர் நீர். பம்புக்குப் பக்கத்தில் உள்ள அழுத்தமானி காட்டும் ஒவ்வொரு கிலோ அழுத்தமும் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். ஆழ்துளைக் கிணறு என்றால் நீர்மட்ட ஆழத்தையும் கூட்டுங்கள். மொத்தம் 40 மீட்டர் என்று வைப்போம். 50-ஐ 40-ஆல் பெருக்கி, அலகை மாற்றும் எண்ணான 367-ஆல் வகுத்தால் 5.45 கிலோவாட். தண்ணீரைத் தூக்க உண்மையில் தேவையான சக்தி இவ்வளவுதான். இப்போது மின்மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் பெருக்கு எண் குறித்திருந்தால், காட்டும் அளவை அதனால் பெருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் 31 யூனிட் ஓடியிருந்தால் மோட்டார் இழுப்பது 15.5 கிலோவாட். அதாவது பம்புசெட்டின் திறன் 35 சதவீதம். 60 சதவீதத் திறனுள்ள புது பம்புசெட் 9 கிலோவாட்டில் இதே வேலையைச் செய்யும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 28,000 யூனிட் மிச்சம், ஒரே ஒரு மோட்டாரில். இருநூறுக்கும் மேற்பட்ட டியூப்லைட்டை மாற்றினால் கிடைப்பதற்குச் சமம் இது. எல்லோரும் விளக்கையே பேசுவது எனக்குப் புரியாத விஷயம். விளக்கைத் திறப்பு விழாவில் காட்டலாம், மோட்டாரைக் காட்ட முடியாது என்பதாலோ என்னவோ.

படி 3: எதை முதலில் செய்வது

காசு செலவில்லாதது முதலில். பயன்படாத இணைப்பைத் துண்டிப்பது, உயர்அழுத்த இணைப்பில் தேவைக்கு மேல் வாங்கிவைத்த ஒப்பந்த மின்தேவையை (இவ்வளவு வரை இழுப்போம் என்று வாரியத்திடம் எழுதிக்கொடுத்த அளவு) குறைப்பது, மின்காரணி (பவர் ஃபாக்டர்) குறைவால் அபராதம் கட்டும் இடத்தில் கெபாசிட்டர் போடுவது. அடுத்து டைமர். அதற்கடுத்து மோசமான மோட்டார்கள். பிறகுதான் விளக்கு. ஏற்கெனவே எல்இடிக்கு மாறிய ஊர்கள் கூட்டமைப்பில் இருந்தால் அவர்களுக்கு விளக்கில் மிச்சம் குறைவு. மோட்டாரையும் சேர்த்தால்தான் அவர்களுக்கும் உள்ளே வர ஆர்வம் இருக்கும். குழாய்க் கசிவும் மின்செலவுதான், தெருவில் ஓடும் ஒவ்வொரு குடம் தண்ணீரையும் காசு கொடுத்து மேலே தூக்கியிருக்கிறோம்.

படி 4: ஒப்பந்தமும் தலைமையும்

தொடக்கத்திலேயே புதிய சங்கமோ அறக்கட்டளையோ பதிவு செய்ய ஓடாதீர்கள். கேப் காட் ஊர்கள் முதல் இருபது வருடம் அங்குள்ள கவுண்டி அரசைக் கணக்குவழக்கு பார்க்கும் அமைப்பாக வைத்துத்தான் நடத்தின, 2017-ல்தான் தனிக் கூட்டு அமைப்பாக மாறின. உங்களுக்கும் நகராட்சி தலைமை அமைப்பாக இருந்தால் போதும். தனி வங்கிக் கணக்கு, தனிப் பணப்பதிவேடு, ஒரு பொறியாளர், ஒரு கணக்கர்.

ஒவ்வொரு மன்றத்திலும் ஒரே வாசகம் கொண்ட தீர்மானம் நிறைவேற வேண்டும். ஓர் ஊர் ‘கொள்கையளவில் ஏற்கிறோம்’ என்றும் இன்னோர் ஊர் ‘நிதிநிலைக்கு ஏற்ப’ என்றும் எழுதினால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். தீர்மானத்தில் எந்த நிதித்தலைப்பிலிருந்து பணம் வரும் என்பதும் இருக்கட்டும்.

வாக்குரிமையில் தகராறு நிச்சயம். பேரெனில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு பிரதிநிதி. பத்தொன்பது லட்சம் மக்கள் உள்ள சாண்டா கிளாராவும் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான நாப்பாவும் ஒரே மேசையில் சமமாக உட்காருகின்றன. அதைப் பார்த்துச் செய்யலாம்: அன்றாட முடிவுகளுக்கு ஊருக்கு ஒரு வாக்கு, கடன் அளவு, கட்டண விகிதம் போன்றவற்றுக்குப் பங்குத்தொகைப்படி. செலவுப் பங்கீட்டுக்கு, விளக்கு வேலையை விளக்கு எண்ணிக்கைப்படியும் மோட்டார் வேலையை அந்தந்த மோட்டார் செலவுப்படியும் போடுங்கள். மக்கள்தொகைப்படி போட்டால் நியாயமாகத் தெரியும், ஆனால் மோட்டார் இல்லாத ஊர் இன்னொருவர் மோட்டாருக்குக் காசு கொடுக்க வேண்டி வரும்.

மன்றத்தின் ஆயுளைவிட ஒப்பந்தம் நீளம் என்பதை மறக்காதீர்கள். 2016-க்குப் பிறகு தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் வருடக்கணக்கில் தனி அலுவலர்களின் கீழ் இருந்தன. ஊராட்சிகளுக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019-லும், மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021-லும், நகர்ப்புறத்துக்கு 2022-லும்தான் தேர்தல் வந்தது. ‘தலைவர் சம்மதித்தார்’ என்பதெல்லாம் அப்போது செல்லாது. தனி அலுவலர் வந்தாலும் தவணை தானாகப் போகும்படி ஆவணம் இருக்க வேண்டும்.

படி 5: பணம்

அமெரிக்க முறையில் மின்கட்டணத்தில் சிறுதொகை பிடிப்பது நம் உள்ளாட்சியின் கையில் இல்லை, அது மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் எல்லை. ஆக, மீதி வழிகள்தான்.

சொந்த நிதியும் மாநில நிதிக்குழு மானியமும் டைமர், கெபாசிட்டர், மீட்டர் அளவுக்குப் போதும். அதற்கு மேல் கடன். 1996-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உள்ளாட்சிகளுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே இருக்கிறது. கூட்டாகப் போய்ப் பேசுங்கள்.

அடுத்தது எரிசக்திச் சேவை நிறுவனம். அவர்கள் முதலீடு செய்து மாற்றித் தருவார்கள், மிச்சத்திலிருந்து தவணையாக வாங்கிக்கொள்வார்கள். என்டிபிசி உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்கள் 2009-ல் தொடங்கிய ஈஈஎஸ்எல் என்ற எரிசக்திச் சேவை நிறுவனம், 2015-ல் வந்த தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் இதைத்தான் நாடு முழுவதும் ஏழு வருடப் பராமரிப்போடு செய்தது. விளக்கு மாறியது, மிச்சமும் வந்தது. ஆனால் பல மாநிலங்களில் உள்ளாட்சிகள் தவணை கட்டாமல் நிலுவை மலைபோல் ஏறியது, பணம் வராததால் பராமரிப்பும் சுணங்கியது. மிச்சமான ரூபாய் தனியாக எங்கும் வந்து உட்காராது என்பதுதான் சிக்கல். பில் குறைகிறது, குறைந்த பணம் வேறு செலவில் கரைந்துவிடுகிறது.

ஆகவே தவணைக்கு வேலி போட வேண்டும். 2002-03 தொகுப்பு நிதியில் அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். ஊர்களின் வருவாய் ஒரு தனிக் கணக்கில் விழுந்து, அதிலிருந்து முதலில் கடன்தவணை போகும். அது போதாவிட்டால் முன்பே ஒதுக்கிய காப்பு நிதி. அதுவும் போதாவிட்டால் அரசு கொடுக்க வேண்டிய மானியத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் உரிமை. இதற்கெல்லாம் மேல், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் உத்தரவாதம். யுஎஸ்எய்ட் இப்போது கிடையாது, மற்ற மூன்று அடுக்குகளையும் நாமே போட்டுக்கொள்ளலாம். சொத்துவரி வசூலில் ஒரு பங்கு மாதந்தோறும் முதலில் அந்தக் கணக்குக்குப் போவது, ஆறு மாதத் தவணை அளவுக்குக் காப்பு நிதி, மானியப் பிடித்தத்துக்கு முன்கூட்டிய சம்மதக் கடிதம். இந்த மூன்றும் இருந்தால் வட்டி பேரம் பேசலாம். இல்லையென்றால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

மிச்சமாகும் தொகையில் தவணை போக மீதியில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டமைப்பிலேயே விட்டுவையுங்கள் என்று சொல்வேன். அடுத்த சுற்று மோட்டார்களுக்குக் கடன் வாங்காமல் போகலாம்.

படி 6: ஒப்பந்தப்புள்ளி

எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தப்புள்ளி, ஆனால் ஊர்வாரியாகத் தனி அட்டவணை. 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டப்படி தலைமை அமைப்பே அழைப்பு விடும்.

வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், தரையில் எவ்வளவு வெளிச்சம் என்று கேளுங்கள். நம் கம்பிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் மின்னெழுச்சிப் பாதுகாப்பு கட்டாயம். எல்இடியில் முதலில் சாவது பெரும்பாலும் டிரைவர்தான் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்), ஆகவே உத்தரவாதம் டிரைவரையும் சேர்த்து இருக்க வேண்டும். எல்லா ஊரிலும் ஒரே மாடல் வந்தால் உதிரி ஒரே கிடங்கில் வைக்கலாம். மோட்டாருக்கு, நீங்கள் அளந்த அளவையும் உயரத்தையும் கொடுத்து அந்தப் புள்ளியில் திறன் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். விலை ஏட்டில் உள்ள உச்சத் திறன் உங்கள் கிணற்றில் கிடைக்காது. பழைய மோட்டாருக்குப் பதில் அதே குதிரைத்திறன் புது மோட்டார் என்று எழுதுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பல இடங்களில் பழையதே தேவைக்கு மேல் பெரியது.

படி 7: பொருத்துவது, பராமரிப்பது

தெருவிளக்குகள் பெரும்பாலும் மின்வாரியக் கம்பத்தில் இருக்கின்றன, லைன் நிறுத்தி எல்சி (லைன் கிளியர், அந்த லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி) வாங்காமல் ஏறக் கூடாது. ஊர்வாரியாக எல்சி நாட்களை முன்கூட்டியே உதவிச் செயற்பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய விளக்கு எண்ணிக்கையைப் பதிவேட்டில் ஏற்றி ஏலம் விடுவதும் தலைமை அமைப்பின் வேலை. டியூப்பில் பாதரசம் இருப்பதால் உடைத்துக் குப்பையில் போடக் கூடாது.

ஏணி பொருத்திய ஒரு வண்டி, இரண்டு வயர்மேன், ஒரு புகார் எண். இது மொத்தக் கூட்டமைப்புக்கும் போதும், தனி ஊருக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது. புகார் வந்த 48 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பிடித்தம் செய்யும் அதிகாரம் தலைமை அமைப்புக்கு மட்டுமல்லாமல் அந்தந்த ஊர்ச் செயல் அலுவலருக்கும் இருந்தால்தான் கடைசியில் உள்ள சிற்றூருக்கு வண்டி போகும்.

படி 8: மிச்சத்தை அளப்பது

ரூபாயில் அளக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் பெரிதாக உயர்ந்தது, 2024 ஜூலையிலும் 4.83 சதவீதம் ஏறியது. யூனிட் குறைந்தும் பில் கூடும். மன்றக் கூட்டத்தில் யாராவது இரண்டு பில்லைத் தூக்கிக் காட்டி ‘மிச்சம் எங்கே’ என்று கேட்பார்கள். பதில் கைவசம் இருக்க வேண்டும்: இத்தனை யூனிட் குறைந்தது, பழைய அளவிலேயே ஓடியிருந்தால் இன்றைய விலையில் பில் இவ்வளவு வந்திருக்கும்.

விளக்குக்கு இணைப்புவாரி மாத யூனிட் போதும். மோட்டாருக்கு ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று பார்க்க வேண்டும். கோடையில் அதிகம் இறைத்தால் யூனிட் கூடத்தான் செய்யும், அதை வைத்து மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்க அறிக்கையாக ஒவ்வோர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

மின்வாரியத்தோடு வருடத்துக்கு ஒரு கூட்டமாவது எழுத்துப்பூர்வமாக நடக்கட்டும். கலிஃபோர்னியாவில் வட்டார வலையமைப்புகளும் மின்நிறுவனங்களும் ஒரே பகுதியில் ஒரே வேலையைச் செய்து குழப்பம் வராமலிருக்க, யார் எதைச் செய்வது என்று கூட்டுக் குறிப்பு எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஆணையம் விதித்திருக்கிறது. இங்கே அதைக் கேட்பவர் இல்லை, நீங்களாகவே செய்துகொள்ள வேண்டும்.

படி 9: சேர்வதும் விலகுவதும்

இரண்டாவது வருடம் பக்கத்து ஊர்கள் கேட்டுக்கொண்டு வரும். அவர்களும் இரவு நடையும் மோட்டார் சோதனையும் முடித்துவிட்டு வரட்டும், முதல் ஊர்கள் போட்ட காப்பு நிதியில் தங்கள் பங்கையும் செலுத்தட்டும். விலகுவோருக்கு ஆறு மாத முன்னறிவிப்பு, மீதித் தவணை முழுவதும் அவர்கள் பொறுப்பு, பொருத்திய கருவி அவர்களுக்கே. பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தாலோ, ஊராட்சி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டாலோ அந்தக் கடன் புதிய அமைப்புக்குப் போகும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். எல்லை மாற்றம் நம் மாநிலத்தில் அடிக்கடி நடப்பதுதான்.